சுடாத கை

பள்ளி விடுமுறை விட்டதும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை அறிவியல் கூடத்துக்குப் போவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். மூத்தவளுக்கு நாலு வயதில் ஆரம்பித்தது. இப்போது அவளுக்குப் பதின்மூன்று. "அங்க எனக்குப் பாக்க ஒண்ணுமே இல்ல. எந்தப் பொத்தானை அமுக்கினா எந்த லைட் எரியாதுன்னு தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவேன்" என்று பேருந்தில் வரும்போதே சொல்லிவிட்டாள். எட்டு வயதான இளையவன், வீட்டில் எல்லோரும் 'வாண்டு' என்று கூப்பிடுகிறவன், அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நிறுத்தங்களை எண்ணிக்கொண்டு வந்தான்.

அப்பா கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் கட்டுகிற இடத்தில் கோபுரம் மாதிரி ஒற்றைக் காலில் நிற்குமே, அந்தக் கிரேன். காலையில் ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம்தான் தரைக்கு வருவார். சாப்பாடும் மேலேயேதான். அதனால் சைட்டில் அவருக்கு 'மேலிடம்' என்று பெயர். "மேலிடத்து உத்தரவு வந்தாச்சா?" என்று கீழே ஒருவரையொருவர் கேட்டுச் சிரிப்பார்கள். அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவர்களோடு அம்மாவின் தம்பியும் வந்திருந்தான். அவனுக்கு வேலை அதே கிரேனுக்குக் கீழே. கொக்கியில் சுமையை மாட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் 'தூக்கு, திருப்பு, நிறுத்து, இறக்கு' என்று மேலே சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அத்தான்தான்.

கூடம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துக்கொண்டிருந்தது. வாசலில் தொங்கும் கிரகங்களில் ஒன்றைக் காணவில்லை. கயிறு மட்டும் தொங்கியது. மிதிவண்டி மிதித்தால் பேசுகிற எலும்புக்கூடு இந்த வருடம் மிதித்தாலும் பேசவில்லை. பாதிப் பெட்டிகள் மேல் 'பழுது' என்று அட்டை ஒட்டியிருந்தது; அட்டைகளே பழுப்பேறிப் போயிருந்தன.

"இவங்க பேரை மாத்திடலாம்" என்றான் மைத்துனன். "பழுது அருங்காட்சியகம். விதவிதமா வெச்சிருக்காங்க பாரு."

மூத்தவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். மாமா கூட வந்தால் மட்டும் அவளுக்கு அந்த இடம் கொஞ்சம் சகிக்கும்.

இரண்டாவது மாடியில் குழாய் மேஜை இருந்தது. ஒன்பது வருடமாகப் பார்க்கிற பொருள்தான். பக்கத்துப் பக்கத்தில் வரிசையாகப் பித்தளைக் குழாய்கள். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், அடுத்ததில் குளிர்ந்த தண்ணீர், மறுபடி வெதுவெதுப்பு, மறுபடி குளிர்ச்சி. தனித்தனியாகத் தொட்டால் ஒன்றும் இல்லை. உள்ளங்கையை மொத்தமாகப் பதித்தால் நெருப்பை வைத்த மாதிரி சுடும். சூடே கிடையாது, மூளை ஏமாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் தெரிந்திருந்தும் யாராலும் கையை வைத்திருக்க முடியாது.

வாண்டு பதித்தான், கத்தினான், கையை உதறிக்கொண்டு குதித்தான். மூத்தவள் மூன்று எண்ணும்வரை பல்லைக் கடித்தாள். மைத்துனன் ஐந்து வரை போய், "அம்மா தாயே" என்று எடுத்துவிட்டான். அம்மா வழக்கம்போல் தொடவே மாட்டேன் என்றாள்.

அப்பா இடது கையைப் பதித்தார்.

பிள்ளைகள் எண்ணினார்கள். ஐந்து தாண்டியது. பத்து. பதினைந்து. வாண்டுக்கு எண்ணுவதில் குரலே ஏறிக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற வேறு ஒரு குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. முப்பதில் அவர் தானாகவே கையை எடுத்தார்.

"அத்தானுக்கு அது தோலா, டயரா?" என்றான் மைத்துனன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மற்றவர்கள் அடுத்த மேஜைக்கு நகர்ந்ததும் அவர் வலது கையைப் பதித்துப் பார்த்தார். சுட்டது. உடனே எடுத்துவிட்டார். மறுபடி இடது கையைப் பதித்தார். ஏதோ ஒரு மேஜையின் மேல் கை இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது மனைவி நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாண்டுவின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

சுவரோரமாக ஒரு பெண் பெட்டி ஒன்றின் பின்பக்கத்தைத் திறந்து, திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் மெக்கானிக். அவர் அவளிடம் போனார்.

"அந்தக் குழாய் மேஜை சரியா வேலை செய்யுதா?"

அவள் திருப்புளியை எடுத்தாள். "இந்தக் கட்டடத்துலயே கெடாம இருக்கறது அது ஒண்ணுதான் சார். ரெண்டு தண்ணி ஓடுது, அதுல கெட என்ன இருக்கு?"

"யாருக்காவது சுடாம இருக்குமா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். "சில பேருக்கு இருந்திருக்கு. சர்க்கரை இருக்கா?"

"இல்ல."

"எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க." கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு மறுபடி வயர்களுக்குத் திரும்பினாள்.

அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. நாலு மாதமாக இருக்கிறது. முதலில் சுண்டுவிரல். தூங்கும்போது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். பிறகு பக்கத்து விரல், பிறகு உள்ளங்கை. கிரேன் கூண்டில் இரண்டு லீவர்கள் உண்டு. வலது கை தூக்கவும் இறக்கவும். இடது கை கிரேனின் நீளக் கையைத் திருப்ப. இடது கை லீவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை அவர் இப்போதெல்லாம் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். குனிந்தால் சுமையைப் பார்க்க முடியாது. ஒரு பார்வை கைக்கு, ஒரு பார்வை சுமைக்கு என்று சமாளித்துவந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே இறக்கிவிடுவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சமாளிக்க முடியவில்லை. செங்கல் அடுக்கிய தட்டு ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தார். லீவரை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்தார், கொண்டுவரவில்லை. தட்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்ச் சாரத்தை இடித்தது. பெயர்ந்து விழுந்த கம்பி மைத்துனனின் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்திட்டு நின்றது. விசாரணை நடந்தது. சூப்பர்வைசரின் தகரக் கொட்டகையில் மைத்துனன், "நிறுத்துன்னு லேட்டா சொல்லிட்டேனோ என்னவோ சார்" என்றான். சூப்பர்வைசர் அவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான், வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைத்துனனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பதினைந்து நாள் மண் அள்ளுகிற பக்கம் அனுப்பினார்கள்.

கூடத்தில் கடைசியாக நிழல் அறை. இருட்டான சிறிய அறை. ஒரு பக்கச் சுவரில் ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பூச்சு. மணி அடித்ததும் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். சுவர் முன்னால் எப்படி நிற்கிறோமோ அப்படியே நம் நிழல் சுவரில் கொஞ்ச நேரம் தங்கிவிடும். பிள்ளைகளும் மைத்துனனும் முன்னால் போய் எந்த மாதிரி நிற்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பின்னால் நின்றார். மனைவி இருட்டில் பக்கத்தில் வந்தாள்.

"எத்தனை நாளா?"

"எது?"

"கை."

"நாலு மாசம் இருக்கும்."

"சாரத்துல இடிச்சது எப்போ?"

"ரெண்டு மாசம்."

"அப்போ அது அவன் தப்பு இல்ல."

மணி அடித்தது. வெளிச்சம் வந்து போனது. சுவரில் மூன்று நிழல்கள் வெளிறி நின்றன. பூச்சு தேய்ந்துபோயிருந்ததால் அவை பத்து எண்ணுவதற்குள் கரைய ஆரம்பித்தன.

"அய்ய, மாமாவுக்குத் தலையே இல்ல!" என்று வாண்டு கைதட்டினான். குதித்த மைத்துனனின் தலை சுவரில் பூச்சில்லாத மேல்பகுதிக்குப் போயிருந்தது.

பேருந்தில் வாண்டு அம்மாவின் தோளில் தூங்கினான். மைத்துனன் தன் நிறுத்தத்தில் இறங்கும்போது, "நாளைக்குப் பாக்கலாம் அத்தான்" என்றான். வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போதுதான் மனைவி மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கும் அவன்தான் கீழ நிப்பான்."

"ம்" என்றார்.

அவள் கத்துவாள், அழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவள் வாண்டுவின் அரைக்கால் சட்டையை இரண்டாக மடித்து, பிறகு நாலாக மடித்து, குவியலின் மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல் ஏறினார். ஏறக் கூடாது என்றோ ஏற வேண்டும் என்றோ தீர்மானித்து ஏறவில்லை. கால் ஏணிக்குப் போனது, ஏறினார். இடது கை ஒவ்வொரு படியையும் பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏறியதில் வழக்கத்தைவிட நேரமானது. சாப்பாட்டு டப்பாவை இருக்கைக்குப் பின்னால் வைத்தார்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மேலிடத்துக்கு வணக்கம். முதல்ல கம்பிக் கட்டு. மாட்டியாச்சு. தூக்கலாம்."

தூக்கினார். கம்பிக் கட்டு தரையை விட்டு இரண்டு ஆள் உயரம் எழும்பியது. அதற்குச் சற்றுத் தள்ளி மஞ்சள் ஹெல்மெட் ஒன்று, மேலேயிருந்து பார்க்கப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தது.

"திருப்புங்க அத்தான்."

அவர் இடது கையைப் பார்த்தார். கை லீவரின் மேல் இருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன கைபோல் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையால் கம்பிக் கட்டை எடுத்த இடத்திலேயே மெதுவாக இறக்கினார்.

"என்னாச்சு? கட்டு சரியாதானே இருக்கு?"

"கட்டு சரியாதான் இருக்கு. கொக்கியைக் கழட்டிடு. நான் கீழ வரேன்."

"இப்பதானே ஏறினீங்க?"

"சூப்பர்வைசர் இருக்காரான்னு பாரு."

சூப்பர்வைசர் கொட்டகையில்தான் இருந்தார். மோசமான மனிதர் இல்லை. இடது கை மரத்துப்போயிருக்கிறது, இனி ஓட்ட முடியாது என்றதும் முதலில், "இன்னைக்கு வேலை போச்சு" என்று தலையில் கைவைத்தார். அடுத்த நிமிடம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொன்னார். ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"எப்போலேருந்து?"

அவர் வாசலைப் பார்த்தார். மைத்துனன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அத்தானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பதற்றம் அவன் முகத்தில் இருந்தது.

"இன்னைக்குக் காலையிலேருந்துன்னு எழுதிக்கறேன்" என்றார் சூப்பர்வைசர், பதில் வராததால். "உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வைத்தியத்தைக் கம்பெனியே பாத்துக்கும்."

"நாலு மாசமா இருக்கு சார்."

பேனா நின்றது. "யோசிச்சுச் சொல்லுங்க."

"நாலு மாசம். சாரத்துல தட்டு இடிச்சதும் அதனாலதான். இவன் சரியான நேரத்துலதான் நிறுத்துன்னு சொன்னான். நான்தான் நிறுத்தல."

சூப்பர்வைசர் மைத்துனனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசியில் படிவத்தைப் பார்த்தார். எழுத ஆரம்பித்தார். மைத்துனன் ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, வாரை இழுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான். போகும்போது கதவை அடித்துச் சாத்தவில்லை, ஒழுங்காகச் சாத்திவிட்டுத்தான் போனான்.

சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று அவர் எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தார். இல்லாவிட்டால் அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இரண்டும் வரவில்லை. பசித்தது. சாப்பாட்டு டப்பா மேலே கூண்டில் இருந்தது; இனி அவர் அங்கே ஏற முடியாது. மதியத்துக்கு மேல் வேறு ஒரு ஆள் ஏறிப்போய் எடுத்துவந்து கொடுத்தான்.

கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். அறுவை சிகிச்சை செய்தார்கள். உள்ளங்கைக்குக் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியது. சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் திரும்பவில்லை. கிரேன் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். நாலு மாதம் மறைத்ததற்காகக் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. ஒரு தொழிற்சாலையின் கருவி அறையில் வேலை கிடைத்தது. ஜன்னல் வழியாகக் கயிறும் கையுறையும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது. தரையோடு தரையாக இருந்த அறை. மத்தியானத்தில் அவருக்கு அடிக்கடி தூக்கம் வந்தது.

மனைவி அவரோடு சண்டை போடவில்லை. சாப்பிட்டீர்களா, கதவைப் பூட்டினீர்களா, சின்னவனுக்கு ஃபீஸ் கட்டணும் என்கிற மாதிரிப் பேச்செல்லாம் முன்போலவே நடந்தது. தேநீரை அவருக்கு வலது பக்கமாக வைக்கப் பழகிக்கொண்டாள். அவள் தன் தம்பியைப் பற்றி அவரிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

மைத்துனனுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவன் தானாகவே கேட்டு வேறு சைட்டுக்கு மாறிப் போனான். அக்காவிடம் போனில் பேசினான். வீட்டுப் பக்கம் வரவில்லை. "மாமா ஏன் வரல?" என்று வாண்டு கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்பாள் அம்மா. மூத்தவள் கேட்கவே இல்லை. அவளுக்கு யார் சொன்னார்களோ, விஷயம் தெரிந்திருந்தது. அப்பா இருக்கும்போது புத்தகத்தில் கொஞ்சம் சத்தமாகப் பக்கம் புரட்டுவாள். அதற்கு மேல் அவளும் ஒன்றும் காட்டவில்லை.

அடுத்த வருட விடுமுறை வந்தது. வாண்டு அம்மாவின் போனை எடுத்து மாமாவை அவனே கூப்பிட்டான். என்ன பேசினானோ, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேருந்தை விட்டு இறங்கியபோது மைத்துனன் கூடத்தின் வாசலில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். மூத்தவளைப் பார்த்து, "என்னடி, என்னைவிட வளந்துட்ட" என்றான். அக்காவிடம் தலையசைத்தான். அவரைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றான். "இருக்கேன்" என்றார்.

அந்த வருடம் மேல்மாடியைப் பூட்டியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் பாதி சுற்றுவதற்குள் தீ மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்து புல்தரையில் நின்றார்கள். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை; மணி பழசு, தானாக அடித்துக்கொண்டது, சரி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று காவலர் வந்து சொன்னார். அம்மா பிள்ளைகளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப் போனாள். அவரும் மைத்துனனும் ஒரு மரத்தடியில் மிஞ்சினார்கள்.

"வேலை எப்படி?" என்றான் மைத்துனன்.

"உக்காந்து பாக்கற வேலை."

"ம்."

கட்டடத்துக்குள் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அது ஓய்வதற்குக் காத்திருப்பதுபோல் இருவரும் நின்றார்கள். ஓயவில்லை. மைத்துனன் புல்லைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் சரியான நேரத்துலதான் நிறுத்துன்னு சொன்னேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் ஏன் லேட்டா சொல்லிட்டேனோன்னு சொன்ன?"

"உங்களை மாட்டிவிட மனசு வரல. 'இல்ல இல்ல, இவன் சரியாதான் சொன்னான், லீவர் இழுத்துக்கிச்சு'ன்னு ஏதாவது நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க தலையாட்டினீங்க."

மைத்துனன் காலால் ஒரு சருகைத் தள்ளினான்.

"மண் அள்ளிட்டு வந்து மறுபடி கீழ நின்னேன். ஒவ்வொரு சுமைக்கும் நாலடி தள்ளி நின்னேன். நீங்க கவனிச்சீங்களான்னு தெரியல."

"கவனிக்கல" என்றார். அது உண்மை. அந்த நாட்களில் அவர் பார்த்ததெல்லாம் தன் கையை மட்டும்தான். பிறகு, "என்னை மன்னிச்சுடு" என்றார். சொன்ன குரல் கருவி அறை ஜன்னலில் 'இங்க கையெழுத்துப் போடுங்க' என்று சொல்கிற குரலாகவே இருந்தது. அவருக்கே அது கேட்டது. அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதுக்காக வரல. வாண்டு கூப்பிட்டான், வந்தேன்."

மணி சட்டென்று நின்றது. காவலர் கதவைத் திறந்து, குடும்பம் குடும்பமாக உள்ளே விட ஆரம்பித்தார். அம்மாவும் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். வாண்டுவின் சட்டை முழுக்க ஈரம்.

"நீங்க எத்தனை பேர்?" என்றார் காவலர், முன்னால் நின்ற மைத்துனனிடம்.

"அஞ்சு பேர்" என்றான் அவன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். பிள்ளைகள் அவன் பின்னால் போனார்கள். மனைவி போனாள். கதவு தானாக மூடிக்கொள்கிற வகை. அதை அவர் வலது கையால் பிடித்து நிறுத்தி, கடைசியாக உள்ளே போனார்.